உத்திரமேரூரும் கள்ளும் – ஒரு வரலாற்றுப் பார்வை

உத்திரமேரூர் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது குடவோலை முறை. பள்ளிப் பாடப் புத்தகத்தில் படித்த செய்திதான். ஆனால் அந்தக் கல்வெட்டுக்குள் குடிப்பழக்கம் பற்றிய ஒரு விதியும் இருக்கிறது. அதைப் பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை. அந்த விதியிலிருந்து தொடங்கி, காஞ்சிபுரம் வட்டாரத்து மக்கள் என்ன குடித்தார்கள், யார் தயாரித்தார்கள், யார் தடுத்தார்கள் என்று பார்த்தால் ஒரு நீண்ட வரலாறு கிடைக்கிறது.

தொண்டை நாட்டின் வீட்டு மது

பிரான்சு நாட்டில் ஒரு சிறிய ஊரில் ஒரு குடும்பம் தன் தோட்டத்துத் திராட்சையைப் பிழிந்து ஒயின் தயாரித்தால், அதற்கு அந்த ஊரின் பெயரே பெருமையாக அமைகிறது. ஷாம்பெயின், போர்டோ எல்லாம் இடப்பெயர்கள்தான். தொண்டை நாட்டிலும் இப்படி வீட்டிலேயே தயாரித்த மது இருந்தது. ஆனால் அது திராட்சையில் செய்ததல்ல. நெல்லிலும் பனையிலும் செய்தது.

இதற்குச் சான்று பெரும்பாணாற்றுப்படை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய இந்தச் சங்க நூலின் தலைவன், காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன். இதில் வலைஞர் குடியிருப்பில் அரிசி மது செய்யும் முறை ஏறக்குறைய ஒரு சமையல் குறிப்பு போலவே வருகிறது. கொழியல் அரிசியைக் களியாகத் துழாவிக் காய்ச்சி, வாயகன்ற தட்டில் ஆற வைக்கிறார்கள். அதில் முளை நெல்லை இடித்துச் செய்த அடையைக் கலக்கிறார்கள். இரண்டு பகலும் இரண்டு இரவும் கழிந்த பிறகு சாடியில் முற்ற வைத்து, விரலால் அலைத்து வடிகட்டுகிறார்கள். தொட்டுக்கொள்ளச் சுட்ட மீன்! முளைத்த தானியம் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றும், சர்க்கரை நொதித்து மதுவாகும். இன்று பீர் தயாரிக்கும் ஆலைகளிலும் இதே அடிப்படைதான்.

அதே நூலில் வேறோர் இடத்தில் 'தோப்பி' என்ற நெல் கள், வீட்டில் சமைத்த கள்ளாகவே குறிப்பிடப்படுகிறது. ஆக, சந்தையில் விலைக்கு விற்ற கள்ளும் இருந்தது, வீட்டுக்கென்று காய்ச்சிய கள்ளும் இருந்தது.

கடல் கடந்து வந்த ஒயின்

அதே காலத்தில் உண்மையான திராட்சை ஒயினும் தமிழகத்துக்கு வந்தது. புறநானூற்றின் 56-ஆம் பாடலில் நக்கீரர், யவனர் நல்ல சாடிகளில் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள தேறலைப் பாண்டியன் நன்மாறன் பொற்கலத்தில் பருகுவதைப் பாடுகிறார். 1945-இல் மார்ட்டிமர் வீலர் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் அகழாய்வு செய்தபோது, ஆம்போரா எனப்படும் இரட்டைக் கைப்பிடிச் சாடிகளின் துண்டுகள் கிடைத்தன. மத்திய தரைக்கடல் பகுதியில் ஒயினும் எண்ணெயும் ஏற்றி அனுப்பப் பயன்பட்ட சாடிகள் இவை.

இந்த ஒயினைக் குடித்தவன் அரசன். கப்பலில் வந்த பொருளை வலைஞர் குடியிருப்பில் வாங்கியிருக்க முடியுமா? ஏழைக்கு அரிசிக் கள்ளும் பனங்கள்ளும், அரசனுக்கு யவனத் தேறல் என்ற பிரிவு அப்போதே வந்துவிட்டது.

காஞ்சியில் மதுக்கடை

ஏழாம் நூற்றாண்டுக்கு வருவோம். முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் எழுதிய 'மத்தவிலாசப் பிரகசனம்' என்ற வடமொழி நகைச்சுவை நாடகம் காஞ்சிபுரத்தில்தான் நடக்கிறது. குடித்துவிட்டுத் தள்ளாடும் ஒரு காபாலிகன், காஞ்சியின் மதுக்கடையை வேள்விச் சாலையோடு ஒப்பிட்டு மகிழ்கிறான். ஒரு புத்த பிட்சுவோ, மதுவை அனுமதித்த பகுதியை முதியவர்கள் சூத்திரத்திலிருந்து மறைத்துவிட்டார்கள் என்று குறைப்படுகிறார். ஓர் அரசனே இப்படி எழுதினான் என்றால், தலைநகரில் மதுக்கடை அன்றாடக் காட்சி என்றுதானே பொருள்?

அரசுக்கு இதில் வருமானமும் இருந்தது. பல்லவர் செப்பேடுகளில் வரும் வரிகளில் ஒன்று 'ஈழப்பூட்சி'. கள் இறக்குபவர் மீதான வரி என்று அறிஞர்கள் பொருள் கொள்கிறார்கள். ஆனைமங்கலச் செப்பேடு போன்ற சோழர் கொடைகளிலோ, அவ்வூரின் தென்னையிலும் பனையிலும் ஈழவர் ஏறக்கூடாது என்ற நிபந்தனை வருகிறது. மரம் ஏறுபவருக்கு ஓரிடத்தில் வரி, இன்னோரிடத்தில் தடை!

உத்திரமேரூர் சபையின் விதி

காஞ்சிபுரத்திலிருந்து சுமார் 30 கி.மீ. தொலைவில் உள்ள உத்திரமேரூர், இரண்டாம் நந்திவர்ம பல்லவன் காலத்தில் சதுர்வேதிமங்கலமாக உருவானது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் பொறிக்கப்பட்ட இரண்டு கல்வெட்டுகள் வைகுண்டப் பெருமாள் கோயிலில் உள்ளன.

921-ஆம் ஆண்டு விதிகளின்படி ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. போட்டியிடுபவருக்கு வயது 35-க்கு மேல், 70-க்குள். வரி செலுத்தும் கால் வேலிக்கு மேற்பட்ட நிலம், சொந்த மனையில் வீடு, வேத அறிவு ஆகியவை தேவை. கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் நிற்க முடியாது. அடுத்து, ஐந்து மகாபாதகங்களில் முதல் நான்கைச் செய்தவர்களும் அவர்களுடைய உறவினர்களும் நிற்க முடியாது. அந்த நான்கில் ஒன்று சுராபானம், அதாவது மது அருந்துதல்.

இதை வைத்து, "உத்திரமேரூரில் அன்றே மதுவிலக்கு" என்று சொல்வது சரியல்ல. இந்த விதி சபையில் இடம்பெறத் தகுதியுடைய, நிலமும் வேதமும் உடைய அந்தணர்களுக்கானது. ஏரியைத் தூர்வாரியவர், வயலில் உழைத்தவர், பனை ஏறியவர் யாரும் அந்தக் குடத்தில் ஓலை போடப்பட்டவர்கள் அல்லர். ஏரி வாரியமும் தோட்ட வாரியமும் சபையிடம் இருந்தன. தோட்டத்தில் உழைத்தவர் அதில் உறுப்பினர் ஆக முடியாது. யார் குடிக்கலாம் என்பதைவிட, யார் ஆளலாம் என்பதையே இந்தக் கல்வெட்டு சொல்கிறது.

கள் ஏன் வெளியூர் போகவில்லை?

பனைத் தொழிலாளி காலையும் மாலையும் மரம் ஏறுகிறார். பாளையை நசுக்கிப் பதப்படுத்தி, நுனியைச் சீவி, கலயத்தைக் கட்டுகிறார். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் இறங்குவது பதநீர். தடவாவிட்டால் காற்றிலும் கலயத்திலும் உள்ள ஈஸ்ட் சில மணி நேரத்திலேயே வேலையைத் தொடங்கிவிடும்; அது கள். காலையில் இனிப்பு, உச்சிப் பொழுதில் புளிப்பு, மறுநாள் காடி. ஒயினைப் போல ஆண்டுக்கணக்கில் வைத்து விற்க முடியாது. மரத்தடியிலேயே விற்றாக வேண்டும். அதனால் அது விலை மலிவாக இருந்தது. அதனாலேயே அதற்கு ஊர்ப்பெயரும் முத்திரையும் வரவில்லை.

தடையும் திறப்பும்

ஆங்கிலேயர் காலத்தில் 1886-ஆம் ஆண்டின் சென்னை அப்காரிச் சட்டம் கள்ளையும் சாராயத்தையும் உரிமத்துக்குள் கொண்டுவந்தது. கள்ளுக்கடைகள் அரசின் வருவாய் ஆயின. கூலிக்காரரின் கூலி கடையிலேயே கரைந்தது. பசித்த பிள்ளைகளோடு காத்திருந்த பெண்களின் வேதனைதான் மதுவிலக்குப் போராட்டத்தின் உயிர். 1921-இல் ஈரோட்டுக் கள்ளுக்கடை மறியலில் பெரியாரின் மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் முன்னின்றனர். பெரியார் தம் தோப்பின் தென்னைகளையே வெட்டினார்.

1937-இல் இராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். 1948-இல் அது சென்னை மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. 1971-இல் தளர்த்தப்பட்டு, 1974-இல் திரும்ப வந்து, 1981-இல் மீண்டும் கள்ளும் சாராயமும் திறக்கப்பட்டன. 1987 முதல் கள்ளுக்கடைகள் மூடப்பட்டன. 1983-இல் தொடங்கிய டாஸ்மாக் நிறுவனம் 2003 முதல் சில்லறை விற்பனையையும் தானே நடத்துகிறது.

இதில் ஒரு முரண்பாடு உண்டு. கள்ளில் ஆல்கஹால் பொதுவாக 4 முதல் 6 விழுக்காடு. அரசுக் கடையில் விற்கும் பிராந்தி, விஸ்கியில் சுமார் 43 விழுக்காடு. குறைந்தது குற்றம், கூடியது வியாபாரம்! அண்டை மாநிலமான கேரளத்திலும் புதுச்சேரியிலும் கள் சட்டப்படி கிடைக்கிறது. தமிழ்நாட்டிலோ 1978-இல் மாநில மரமாக அறிவிக்கப்பட்ட பனையிலிருந்து கள் இறக்கியவர் சிறைக்குப் போகிறார்.

கள் கேடற்றது என்பதல்ல வாதம். குடியால் அழிந்த குடும்பங்கள் கள் காலத்திலும் இருந்தன, கலப்படமும் இருந்தது. ஆனால் குடியைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால், ஆலைச் சரக்குக்கும் அதே அளவுகோல் வேண்டும். வருமானம்தான் நோக்கம் என்றால், மரமேறியின் குடும்பத்துக்கும் அதில் பங்கு வேண்டும்.

உத்திரமேரூர்ச் சபை, கணக்குக் காட்டாதவரை உறவினரோடு சேர்த்து விலக்கி வைத்தது. இன்றைய மதுக் கொள்கைக்கும் அப்படி ஒரு கணக்கைக் கேட்கலாம்: கள்ளை மூடிய பிறகு குடி குறைந்ததா, பனை ஏறியவர்களின் பிழைப்பு என்ன ஆனது?