சேங்கொட்டையின் ஜப்பானியப் பங்காளி

அந்தக் காலத்தில் வெளுக்கப் போட்ட துணியின் மூலையில் சின்னதாகக் கறுப்புக் குறி ஒன்று இருக்கும், ஞாபகம் இருக்கிறதா? சேங்கொட்டைப் பாலால் போட்டது. வெள்ளாவியில் எத்தனை முறை வெந்தாலும் போகாது. அதே பால் தோலில் பட்டால் கொப்புளம்தான். பச்சை முந்திரிக் கொட்டையைக் கடித்து உதடு புண்ணானவர்களுக்கும் இந்தக் குணம் தெரியும்.

இந்தக் குடும்பத்து மரம் ஒன்றின் பாலைத்தான் ஜப்பான்காரர்கள் பல ஆயிரம் ஆண்டுகளாக மரப் பாத்திரங்களுக்குப் பூசுகிறார்கள். அந்தக் கிண்ணத்தை வாயில் வைத்துச் சுடச்சுட சூப் குடிக்கிறார்கள்! மரத்தின் பெயர் உருஷி.

பேத்தி ஒருநாள் கடைசல் மர டம்ளர் வாங்கி வந்து, "இதில் காபி குடிக்கலாமா தாத்தா?" என்று கேட்டதால் இதையெல்லாம் தேடிப் படித்தேன். நம் நாட்டில் சன்னபட்டணா பொம்மைகளுக்கு அரக்கு பூசுகிறார்கள். அரக்கு வயிற்றுக்குள் போனாலும் கெடுதல் இல்லை, மாத்திரைகளுக்கே பூசுகிறார்களே. ஆனால் சூட்டில் இளகும், சாராயத்தில் கரையும். பொம்மைக்குச் சரி, டம்ளருக்கு உதவாது.

உருஷியின் கதை நேர்மாறு. பத்துப் பதினைந்து வருஷம் வளர்ந்த மரத்தை ஒரே பருவத்தில் கீறிக் கீறிப் பால் எடுப்பார்கள். கிடைப்பது சுமார் 200 மில்லி, ஒரு காபி டம்ளர் அளவு. பிறகு மரத்தை வெட்டிவிடுவார்கள், வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும்.

பூசிய கிண்ணத்தை வெயிலில் வைப்பதில்லை. ஈரம் நிறைந்த அலமாரிக்குள் வைக்கிறார்கள், ஏனென்றால் உருஷிப் பால் ஈரக்காற்றில்தான் இறுகும். பாலிலுள்ள ஒரு நொதி, காற்றின் ஆக்சிஜனைக் கொண்டு அதைக் கெட்டிப்படுத்துகிறது. இதை 1883இல் எடுத்துச் சொன்னவர் யோஷிதா என்ற ஜப்பானிய வேதியியலாளர். தோலை அரிக்கும் பொருளே ஒன்றோடொன்று பிணைந்து பூச்சாகிவிடுகிறது. அதன்பின் வெந்நீரும் சாராயமும் அதை அசைக்காது.

1873 வியன்னா கண்காட்சியிலிருந்து பொருள்களை ஏற்றித் திரும்பிய 'நீல்' என்ற பிரெஞ்சுக் கப்பல், 1874இல் ஜப்பான் கரையருகே மூழ்கியது. ஓராண்டுக்கு மேல் கடலடியில் கிடந்த உருஷிப் பெட்டிகள் சில, கெடாமல் வெளியே வந்தன.

ஆகவே, பூசியது விஷமா என்பதோடு, முழுக்க இறுகியதா என்றும் கேட்க வேண்டும் என்பது என் கட்சி. அரைகுறையாக இறுகியது இன்னமும் அரிக்கும். புதுக் கிண்ணத்தைச் சில வாரம் காற்றாட வைத்த பிறகே ஜப்பானில் பலர் புழங்குகிறார்கள்.