கோடு போன கடல்வழி

ஜப்பானியக் கைவினைஞர் சிலர் கிமோனோத் துணிகளின் கோலங்களை மைப்பேனாக்களில் தீட்டுகின்றனர். அரக்கு என நாம் அழைக்கும் அப்பூச்சு உண்மையில் உருஷி என்னும் மரத்தின் பால். எபோனைட் பேனா ஒளிபட்டு வெளுப்பதைத் தடுக்கவே நமிக்கி நிறுவனம் 1925-இல் இம்முறையைக் கையாண்டது.

கிமோனோக் கோலங்களுள் மெல்லிய நெடுங்கோடுகளும் உண்டு. அவ்வகைக் கோட்டுப் பருத்தித் துணிக்கு ஜப்பானிய மொழியில் 'சந்தொமே' என்று பெயர். அது நம் சாந்தோம்தான்; மயிலாப்பூரில் 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் அமைத்த குடியிருப்பு. சோழமண்டலக் கரையின் துணிகளை 1641-க்குப் பின் டச்சுக்காரர் நாகசாகியின் தெஜிமா வழியாக இறக்கினர். எடோ நகரத்தார் அவற்றை விரும்பி உடுத்தினர். 19-ஆம் நூற்றாண்டில் கவகோயெ நெசவாளர் அவற்றைத் தாமே நெய்யத் தொடங்கினர்.

வணிக வரலாற்றுக்குக் கடன்சொல் நல்ல சான்று. ஆனால் முழுச் சான்றன்று. அது கப்பலேறிய துறையைச் சொல்கிறது, நெய்த ஊரையும் கையையும் சொல்வதில்லை. நான் இதை எழுதும் மாட்டுங்கா லேபர் கேம்ப்பின் பெயரிலும் உழைப்பு இருக்கிறது. உழைத்தவர் எங்கிருந்து வந்தனர் என்பது இல்லை. 'சந்தொமே'யைப் பெருமைக்காக மேற்கோள் காட்டுவோர், அச்சொல்லுக்குப் பின்னிருந்த தறிக்காரர்களையும் தேட வேண்டும்.