கை பிடித்துச் சொல்லிக் கொடுத்தவர்

குண்டலுபேட்டைப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு மிஷன் ஆஸ்பத்திரி என்றால் மைசூரில் 1906ல் தொடங்கிய ஹோல்ட்ஸ்வர்த் நினைவு மருத்துவமனைதான். ஊரில் பார்த்துத் தீரவில்லை என்றால் மைசூருக்கு பஸ் ஏறுவோம். மைசூரிலும் தீரவில்லை என்றால் பெரியவர்கள் சொல்லும் அடுத்த பெயர் வேலூர். அந்த வேலூர் சி.எம்.சி.யில் 1946 முதல் 1966 வரை இருந்த டாக்டர் பால் பிராண்ட் பற்றி ரொம்ப நாளாக எழுத நினைத்திருந்தேன். வெளியூரில் பிள்ளை வளர்க்கும் நமக்கு அவர் கதையில் நிறைய இருக்கிறது.

பால் பிராண்ட் வெள்ளைக்காரர்தான். ஆனால் பிறந்தது நம்ம கொல்லிமலையில், 1914ல். அப்பா ஜெஸ்ஸி, அம்மா ஈவ்லின் இருவரும் மிஷனெரிகள். அந்த மலையில் மருந்து கொடுப்பது, வீடு கட்டுவது, பள்ளி நடத்துவது எல்லாமே அவர்கள் ஊழியம். 1923ல், 9 வயதில், பாலைப் படிக்க இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அதன் பிறகு அப்பாவும் மகனும் கடிதத்தில்தான் பேசிக்கொண்டார்கள். மலையில் பார்த்த மரம், பூச்சி, பறவை, அதையெல்லாம் படைத்த தேவன் என்று அப்பா விடாமல் எழுதுவார்.

1929 ஜூனில் அப்பா காய்ச்சலில் இறந்துபோனார். பாலுக்கு அப்போது 14 வயது. தந்தி உடனே வந்துவிட்டது. கடிதங்களோ கப்பலில் வரவேண்டும். ஆக, அப்பா இறந்த செய்தி வந்த பிறகும் சில வாரங்கள் அப்பாவின் கடிதங்கள் வந்துகொண்டே இருந்தன! பிள்ளையை விட்டு தூரத்தில் இருக்கும் எந்தத் தகப்பனுக்கும் இதைப் படித்தால் நெஞ்சு கனக்கும்.

பால் முதலில் கற்றது கொத்து வேலையும் தச்சு வேலையும். அப்புறம்தான் மருத்துவம் படித்து லண்டனில் அறுவை மருத்துவர் ஆனார். வேலூருக்கு வந்த பிறகு டாக்டர் ராபர்ட் காக்ரேன் அவரைச் செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். அங்கே பலருக்கும் விரல்கள் மடங்கி, கை கொக்கி போல இருந்தது. எலும்பு, தசை நிபுணர் யாரும் இதைக் கவனிக்கவே இல்லையா என்று பால் கேட்டார். அப்படி யாரும் வரவில்லை என்பதே பதில்.

ஒருவரிடம் தன் கையை அழுத்திப் பிடிக்கச் சொன்னார். அந்தப் பிடி வலித்தது. அப்போதுதான் அவருக்குப் பிடிபட்டது, கையில் எல்லாத் தசையும் செத்துவிடவில்லை. விரலை நீட்டும் சின்னத் தசைகள்தான் போயிருந்தன, முன்கைத் தசைகள் நன்றாகவே இருந்தன. நல்ல தசைநார் ஒன்றை இடம் மாற்றி விரலோடு தைத்தால்? 1940களின் கடைசியில் வேலூரில் இந்த அறுவையைத் தொடங்கினார். மடங்கிய கைகள் விரிந்தன.

கதை அதோடு முடியவில்லை. கை சரியானவர்களுக்கு யாரும் வேலை தரவில்லை. முன்பு கையைக் காட்டிப் பிச்சையாவது எடுக்க முடிந்தது, இப்போது அதற்கும் வழியில்லை! உடனே கல்லூரி வளாகத்திலேயே மண் சுவர்க் குடிசைகள் கட்டி, அவர்களுக்கு மரவேலை கற்றுக் கொடுத்தார். வீணாகப் போனதாக நினைத்த தச்சு வேலை அங்கே கை கொடுத்தது.

தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் சூடும் வெட்டும் பட்டுத்தான் தேய்கின்றன என்று கண்டு சொன்னவர் அவர். குணமானவர்கள் சிலருக்கு இரவில் விரல் காணாமல் போன மர்மத்தைத் தேடியபோது, தூங்கும்போது எலி கடித்தது தெரிந்தது. வீட்டுக்குப் போகிறவர்களுக்கு மருந்தோடு ஒரு பூனையும் கொடுத்தனுப்பினாராம்.

அவரிடம் பயிற்சி பெற்ற டாக்டர் மேரி வர்கீஸ் 1954ல் ஒரு வண்டி விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். இனி என்ன டாக்டர் என்று எல்லோரும் பரிதாபப்பட்டபோது, கை அறுவையை உட்கார்ந்தே செய்யலாமே என்றவர் பால் பிராண்ட். சக்கர நாற்காலியில் இருந்தபடியே மேரி அறுவை செய்தார். பிறகு நியூயார்க் போய்ப் படித்துத் திரும்பி, வேலூரில் உடல் ஊனமுற்றோருக்கான மறுவாழ்வுத் துறையை உருவாக்கினார். 1972ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொரு சம்பவம். வேலூரில் ஒரு பயிற்சி மருத்துவர் நோயாளி அருகே முழங்காலிட்டுப் பரிவோடு கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். அந்த முகபாவம் அப்படியே லண்டனில் தன் ஆசிரியராக இருந்த பில்ச்சருடையது என்று பால் வியந்தார். மாணவர்களோ, பில்ச்சர் யாரென்றே எங்களுக்குத் தெரியாது, அது உங்கள் முகபாவம்தான் என்றார்களாம். ஆசிரியரிடமிருந்து தன்னை அறியாமல் வாங்கியதை, தன்னை அறியாமலே கொடுத்திருக்கிறார்.

பிரசங்கத்தால் வந்ததல்ல இது. ஞாயிறு வகுப்புக்கும் தமிழ்ப் பள்ளிக்கும் பிள்ளைகளை ஓட்டிக்கொண்டு போகிறோம், நல்லதுதான். ஆனால் வேலைக்கு வருபவரிடமும் வயதானவரிடமும் நாம் காட்டும் முகத்தைத்தான் அவர்கள் முதலில் படிக்கிறார்கள்.

அம்மா ஈவ்லின், மிஷன் ஓய்வு கொடுத்த பிறகும் மலையை விடாமல் குதிரையில் ஊர் ஊராகப் போய் ஊழியம் செய்து, 1974ல் 95 வயதில் காலமானார். கொல்லிமலையில் கணவர் பக்கத்திலேயே அடக்கம். பால் பிராண்ட் 2003ல் அமெரிக்காவில் சியாட்டிலில் மறைந்தார். அவர் உழைத்த கரிகிரி மருத்துவமனை இன்றும் நடக்கிறது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது காட்பாடி வழியாகப் போனால், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.