கால் வைக்காதவரின் கடற்கரை

செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இனி நடக்கப்போவது மணலில்.

நியூசிலாந்தின் தெற்குத் தீவு. அதன் வடக்கு முனையில் மராஹாவ் என்று ஒரு சின்ன ஊர். அங்கிருந்து கடலை ஒட்டியே ஒரு நடைபாதை கிளம்புகிறது. சுமார் 60 கிலோமீட்டர். நிதானமாக நடந்தால் மூன்றிலிருந்து ஐந்து நாள். ஒரு பக்கம் காடு, மறு பக்கம் கடல். காட்டுக்குள் ஏறி இறங்கி, திரும்பினால் ஒரு வளைகுடா. அங்கே மணல் வெள்ளையாகவோ சாம்பலாகவோ இல்லை, தங்க நிறத்தில் கிடக்கிறது. கிரானைட் பாறை உதிர்ந்து உதிர்ந்து உண்டான மணல் அது.

வழியில் அவரோவா என்று ஒரு கழிமுகம் வரும். அதற்குப் பாலம் கிடையாது. கடல் வற்றும் நேரம் பார்த்து, அதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பிலிருந்து இரண்டு மணி நேரம் பின்பு வரைக்குள் தண்ணீரிலும் சேற்றிலும் நடந்து கடந்துவிட வேண்டும். தவறவிட்டீர்களா, கரையில் உட்கார்ந்து அடுத்த வற்றுக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

இந்த இடத்தின் பெயர் ஏபல் டாஸ்மன் தேசியப் பூங்கா. நியூசிலாந்தின் தேசியப் பூங்காக்களிலேயே சிறியது. 237 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சியில் பாதிக்குச் சற்று மேல், அவ்வளவுதான்.

யார் இந்த ஏபல் டாஸ்மன்? இங்கே பிறந்தவரா, வாழ்ந்தவரா, செத்தவரா? எதுவுமில்லை. இந்த மணலில் அவர் கால்கூட வைத்ததில்லை! கப்பலில் இருந்தபடி எட்டிப் பார்த்துவிட்டுத் தப்பித்தோம் பிழைத்தோம் என்று ஓடிப்போனவர்.

நடந்தது இதுதான்.

டாஸ்மன் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மாலுமி. ஆமாம், நம் பழவேற்காட்டில் கோட்டை கட்டி உட்கார்ந்து துணி வியாபாரம் செய்தார்களே, அதே கம்பெனி. தெற்கே எங்கோ ஒரு பெரிய கண்டம் இருக்கிறது, போய்ப் பார் என்று 1642-ல் பட்டாவியாவிலிருந்து, அதாவது இன்றைய ஜகார்த்தாவிலிருந்து அனுப்பினார்கள். ஹீம்ஸ்கெர்க், ஸீஹான் என்று இரண்டு கப்பல்கள்.

டிசம்பர் 18. மாலை. இந்தப் பக்கத்து வளைகுடாவில் கப்பல்கள் நங்கூரம் பாய்ச்சின. கரையில் வெளிச்சம் தெரிந்தது. ஆட்கள் இருக்கிறார்கள்! கொஞ்ச நேரத்தில் இரண்டு படகுகள் வந்தன. வந்தவர்கள் ங்காட்டி டூமாடாகோகிரி என்ற மாவோரி இனக்குழுவினர். உரத்த குரலில் ஏதோ கத்தினார்கள். பிறகு ஒரு கருவியை எடுத்து ஊதினார்கள். டச்சுக்காரர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. சரி, மரியாதைக்கு நாமும் ஊதுவோம் என்று எக்காளத்தை எடுத்து ஊதினார்கள். அவர்கள் ஊத, இவர்கள் ஊத, இருட்டும்வரை இந்தக் கச்சேரி நடந்தது.

யோசித்துப் பாருங்கள். மாவோரி வழக்கத்தில் அந்த ஊதல் ஒரு சவாலாக இருந்திருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். 'சண்டைக்குத் தயாரா?' என்று அவர்கள் கேட்க, 'ஓ, தயார்!' என்று இவர்கள் உற்சாகமாகப் பதில் சொல்லியிருக்கிறார்கள்.

மறுநாள் ஒரு கப்பலிலிருந்து இன்னொரு கப்பலுக்கு ஏழு பேரோடு ஒரு சிறு படகு போய்க்கொண்டிருந்தது. மாவோரிப் படகு ஒன்று வேகமாக வந்து அதன்மேல் மோதியது. அடி, வெட்டு, குத்து. நான்கு டச்சுக்காரர்கள் காலி. மிச்சம் மூன்று பேர் நீந்திக் கப்பலுக்குத் தப்பினார்கள். டாஸ்மன் நங்கூரத்தைத் தூக்கினார். துரத்தி வந்த படகுகளை நோக்கிச் சுட்டார். ஒருவர்மீது குண்டு பாய்ந்தது. நல்ல தண்ணீர்கூடப் பிடிக்காமல் கிளம்பிவிட்டார். போகும்போது வரைபடத்தில் அந்த இடத்துக்குப் பெயர் எழுதினார்: கொலைகாரர் வளைகுடா.

தன் வீட்டு வாசலில் முன்பின் தெரியாத இரண்டு கப்பல்கள் வந்து நின்றால் யாராக இருந்தாலும் என்ன செய்வார்கள்? ஆனால் நாட்குறிப்பு எழுதியவர் டாஸ்மன். படம் வரைந்தவரும் அவரோடு வந்தவர். ங்காட்டி டூமாடாகோகிரி மக்களோ, 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பக்கத்து இனக்குழுக்களோடு நடந்த போர்களில் தோற்றுச் சிதறிப் போனார்கள். அவர்கள் தரப்பு எந்தக் காகிதத்திலும் ஏறவே இல்லை.

1827 ஜனவரியில் இன்னொரு கப்பல் வந்தது. பிரெஞ்சுக்காரர் டியூமோன் டர்வில். கிரேக்கத் தீவு ஒன்றில் கண்டெடுத்த 'மிலோ வீனஸ்' சிலை பாரிசுக்குப் போகக் காரணமாக இருந்தவர்களில் ஒருவர். அவர் இந்தக் கரையில் இறங்கினார், நல்ல தண்ணீர் பிடித்தார், மாவோரிகளோடு சுமுகமாகப் பழகினார். எதிரே இருந்த தீவுக்குத் தன் மனைவி அடேலின் பெயரை வைத்தார். சண்டை இல்லை, சாவு இல்லை.

வளைகுடாவின் பெயரோ மாறிக்கொண்டே இருந்தது. கொலைகாரர் வளைகுடா படுகொலை வளைகுடா ஆயிற்று. 1840-களில் நிலக்கரி கிடைத்ததும் நிலக்கரி வளைகுடா. 1857-ல் பக்கத்தில் தங்கம் கிடைத்தது. போதாதா? தங்க வளைகுடா!

வந்து குடியேறிய ஐரோப்பியர்கள் சும்மா இருக்கவில்லை. மரம் வெட்டினார்கள். அவரோவாவில் கப்பல் கட்டினார்கள். கிரானைட் தோண்டினார்கள். காட்டைக் கொளுத்தி மேய்ச்சல் நிலமாக்கப் பார்த்தார்கள். இன்று நீங்கள் நடக்கும்போது பார்க்கிற பச்சையில் பெரும்பகுதி, எரிந்த இடத்தில் மறுபடி முளைத்து வந்தது.

இதை நிறுத்தியவர் ஒரு பெண்மணி. பெரின் மோன்க்ரீஃப். பறவை ஆராய்ச்சியாளர். 1930-களில், மிச்சமிருக்கிற காடும் போய்விடும் என்று பயந்து அரசாங்கத்திடம் மனு மேல் மனு போட்டார். பறவைக்காகக் காடு வேண்டும் என்றால் எந்த அதிகாரி காது கொடுப்பார்? அவருக்கு ஒரு யோசனை. 1942 வந்தால் டாஸ்மன் வந்து முந்நூறு வருஷம் ஆகிறது. அந்த மனுஷர் பெயரில் ஒரு பூங்கா என்றால்? வேலை செய்தது. நெதர்லாந்து ராணி வில்ஹெல்மினா பூங்காவின் புரவலர் ஆனார். தன் நாடு ஹிட்லரிடம் சிக்கியிருக்க, லண்டனில் அகதியாக இருந்தார் அவர் அப்போது. உலகப் போருக்கு நடுவே, 1942 டிசம்பரில், சுமார் 15,000 ஹெக்டேரோடு பூங்கா பிறந்தது.

அதாவது, டாஸ்மன் கண்டுபிடித்த எதையும்விட அவர் பெயர் காப்பாற்றிக் கொடுத்த காடு இங்கே பெரிசு.

கதை அதோடு முடியவில்லை. பூங்காவின் நடுவிலேயே சில துண்டு நிலங்கள் தனியார் கையில் இருந்தன. அதில் ஒன்று, நாம் பார்த்த அவரோவாவில், ஏழு ஹெக்டேர், கடற்கரையோடு. 2015 கடைசியில் அது விற்பனைக்கு வந்தது. எவராவது ஒரு கோடீஸ்வரர் வாங்கி வேலி போட்டுவிட்டால்?

இரண்டு சாதாரண ஆட்கள் இணையத்தில் உண்டியல் குலுக்கினார்கள். 'நாமே வாங்கிடலாமே!' பத்து டாலர், இருபது டாலர் என்று வந்து விழுந்தது. அப்போது மொத்த ஜனத்தொகையே ஐம்பது லட்சம் இல்லாத நாட்டில் சுமார் 40,000 பேர் பணம் போட்டார்கள். ஒரு பணக்காரர், 'குறைகிற தொகையை நான் தருகிறேன், ஒரு பகுதியை மட்டும் என் குடும்பத்துக்கு விட்டுவிடுங்கள்' என்றார். 'வேண்டாம் சார், நன்றி' என்று சொல்லிவிட்டார்கள். சில வாரங்களில் சேர்ந்தது 22 லட்சம் நியூசிலாந்து டாலருக்கு மேல். அரசாங்கமும் கொஞ்சம் போட்டது. 2016 ஜூலையில் அந்தக் கடற்கரை பூங்காவோடு சேர்ந்தது. யாரும் போகலாம், யாரும் படுத்துப் புரளலாம்.

இன்னொன்று. 2014-ல் அந்த வளைகுடாவின் பெயர் அதிகாரபூர்வமாகத் திருத்தப்பட்டது. இப்போது வரைபடத்தில் தங்க வளைகுடா என்பதோடு மாவோரிப் பெயரும் இருக்கிறது. மொஹுவா. டாஸ்மன் கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பார்கள்.

என்றாவது அந்தப் பக்கம் போனால் மறக்காமல் அவரோவாவைக் கால்நடையாகக் கடந்து பாருங்கள். கடல் வற்றும் நேரத்தை மட்டும் முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஊரில் சரியாகப் புரிந்துகொள்ளாமல் இறங்கினால் என்ன ஆகும் என்பதைத்தான் பார்த்துவிட்டோமே!