திருச்சுழிக்கு வந்த 500

திருச்சுழி என்று தமிழில் எழுதினால் கண்ணுக்குத் தெரிவது ஐந்து எழுத்து. யூனிகோடு கணக்கில் பத்துக் குறி (கொம்பு, கொக்கி, புள்ளி எல்லாம் தனித்தனி). அதை யூடிஎஃப்-8 ஆகச் சேமித்தால் 30 பைட். அருப்புக்கோட்டைக்கு 45. இந்த 30 பைட்டுக்குள்ள ஒரு நம்பர் திரும்பத் திரும்ப வரும்: 224. தமிழில் எந்தக் குறியை எடுத்தாலும் மூணு பைட், அதில் முதலாவது 224 தான். நம்ம ஊர் மொத்தத்துக்கும் ஒரே பின்கோடு மாதிரி.

பைத்தானில் ஒரு செயலி எழுதி, சர்வரில் ஏற்றி, தமிழ் பட்டவுடன் "500 இன்டர்னல் சர்வர் எரர்" வாங்கின எல்லாருக்கும் இந்த 224 பழைய பங்காளி. எரர் லாகைத் திறந்தால் "ஆஸ்கியால் இந்த பைட்டைப் படிக்க முடியவில்லை, 128-க்குள் அடங்கவில்லை" என்கிற அர்த்தத்தில் ஒரு வரி நிற்கும். அதில் 224 நேரடியாக இருக்காது. பதினாறை அடியாகக் கொண்ட கணக்கில் 'ஈ'யும் சுழியுமாக இருக்கும். (ஊர் பேரிலும் சுழி, எரரிலும் சுழி. என்னத்தச் சொல்ல!) இந்த எரர் எப்படி வந்தது, ஏன் இவ்வளவு வருஷம் ஒட்டிக்கிட்டு இருந்தது என்பதுதான் இந்தப் பதிவு.

முதலில் 500. வெப் பிறக்கும் முன்பே இந்த மூணு இலக்க வழக்கம் இருந்தது. ஃபைல் அனுப்பும் எஃப்டிபி-க்காக 1974-இல் ஜான் போஸ்டல் எழுதிய ஆவணத்தில், முதல் இலக்கத்தைப் பார்த்தே நிலவரம் தெரிகிற மாதிரி ஏற்பாடு செய்திருந்தார். அங்கே 4 என்றால் தற்காலிகத் தடங்கல், 5 என்றால் நிரந்தரம். வெப் அதை வாங்கி அர்த்தத்தை மாற்றியது. 1996 மே மாதம் வந்த எச்டிடிபி 1.0 ஆவணப்படி 4 என்றால் கேட்டவர் மேல் தப்பு, 5 என்றால் சர்வர் மேல் தப்பு. அதில் 500 மட்டும் ஒரு தினுசு. "எங்க பக்கம்தான் ஏதோ ஆச்சு" என்று ஒத்துக்கும். என்ன ஆச்சுன்னு வாயைத் திறக்காது. அதுக்கு லாகுக்குத்தான் போகணும்.

சர்வருக்கும் பைத்தானுக்கும் நடுவில் இருந்த பாலங்களை வேகமாகக் கடந்துடலாம். 1993-இல் என்சிஎஸ்ஏ சர்வரோடு வந்தது சிஜிஐ. ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதுசா ஒரு பிராசஸ் கிளம்பி, சொல்ல வேண்டியதெல்லாம் சூழல் மாறிகள் வழியாகப் போகும். 2000-இல் கிரிகரி ட்ருபெட்ஸ்கோயின் மாட்-பைத்தான், அப்பாச்சி வயிற்றுக்குள்ளேயே பைத்தானை உட்கார வைத்தது. 2003 டிசம்பரில் பிலிப் எபி எழுதிய டபிள்யூஎஸ்ஜிஐ, சர்வரும் செயலியும் பேசிக்க ஒரு பொது ஒப்பந்தம் போட்டது. 2007-இல் ஆஸ்திரேலியாக்காரர் கிரஹாம் டம்பிள்டனின் மாட்-டபிள்யூஎஸ்ஜிஐ. இதில் ஒரு வேடிக்கை. ஆரம்பப் பதிப்புகளில் பிழை தேட ஒரு பிரிண்ட் போட்டால் அதுக்கே 500 வரும்! ஒப்பந்தத்துக்குப் பொருந்தாத நிரல்களைத் தடுக்கத்தான் அவர் அப்படி வைத்தார். 3.0 பதிப்பில் மனசு இறங்கித் தளர்த்திட்டார் :-)

இனி நம்ம 224. யூனிகோடின் முதல் பதிப்பிலேயே, 1991-லேயே, தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. பைத்தான் யூனிகோடைச் சேர்த்தது 2000 அக்டோபரில் வந்த 2.0-இல். ஆனா பழைய பைட் சரமும் புது யூனிகோடு சரமும் சேரும் இடத்தில், கேட்காமலே ஆஸ்கி என்று வைத்துக்கொள்ளும். விளைவு என்ன? ஆங்கிலம் மட்டும் ஓடுகிற வரைக்கும் ரெண்டும் அழகா ஒட்டும். எழுதினவருக்கு உள்ளே வெடி இருப்பதே தெரியாது. முதல் 224 வந்த நிமிஷம் 500. இதைத் தாண்ட, பைத்தான் கிளம்பும்போதே மறைத்துவிடுகிற ஒரு ஃபங்ஷனை 'ரீலோடு சிஸ்' போட்டுத் தோண்டி எடுத்து, இயல்பு குறியாக்கத்தை யூடிஎஃப்-8 ஆக்கும் குறுக்கு வழி ஊரெல்லாம் பரவியது. 2008 டிசம்பரில் பைத்தான் 3.0 வந்து இந்தக் கண்மூடி ஒட்டுதலை ஒழித்தது.

ஒழிந்தது நிரலுக்குள். வெளியே இன்னொன்று உட்கார்ந்திருந்தது.

எங்க கரிசல்காட்டுப் பக்கம் ஒரு வழக்கம். மழை பெய்தும் கண்மாய்க்குத் தண்ணி வரலேன்னா கண்மாய்க்குள்ள நின்னுக்கிட்டுத் தேட மாட்டாங்க. வரத்துக்கால் பிடித்து மேலே நடப்பாங்க. எங்கேயோ வேலிக்கருவை அடைத்திருக்கும். திருச்சுழிப் பக்கம் கிராமத்தில் இருக்கும் என் மாமாவும் அவர் சேக்காளிகளும் கண்மாய் நிலவரத்தைப் போட்டோவோடு பதிந்து வைக்க ஜாங்கோவில் ஒரு சின்னத் தளம் செய்து கொடுத்தேன். மடை, கலுங்கு, கரை உடைப்பு என்று ஃபைலுக்குப் பேர் வைத்து அனுப்புவாங்க, தமிழில்தான். என் லேப்டாப்பில் அட்டகாசமா ஓடியது. சர்வரில் ஏற்றினதும், கலுங்கு போட்டோ அனுப்பினால் 500. அதே நிரல், அதே போட்டோ. சர்வர் பராமரிப்பு பார்த்த கம்பெனி கொடுத்த தீர்வு: "ஃபைல் பேரை இங்கிலீஷில் வைக்கச் சொல்லுங்க".

மேலே நடந்தேன். பைத்தானிடம் ஃபைல் பேருக்கு எந்தக் குறியாக்கம் வைத்திருக்கிறாய் என்று கேட்கும் ஒரு வரி உண்டு. லேப்டாப்பில் யூடிஎஃப்-8 என்றது. சர்வரில், அப்பாச்சிக்குள் இருந்து கேட்டால், ஆஸ்கி. அங்கே இருந்தது பைத்தான் 3.6. அது தன் சூழலைப் பார்த்து முடிவெடுக்கும். அந்தச் சூழலில் 'லாங்' மாறியின் மதிப்பு ஒற்றை எழுத்து, 'சி'.

இந்த 'சி' 1989-இல் தரப்படுத்திய சி மொழியிலிருந்து வருவது. எந்த ஊரும் இல்லாத ஊர், எந்த மொழியும் இல்லாத மொழி என்று பேர். நடைமுறையில் ஆங்கில எழுத்து மட்டும். டெபியன் லினக்ஸின் அப்பாச்சி சூழல் ஃபைலில் அந்த வரி இருக்கும். ரெட்ஹாட் வகையறாவிலும் சென்ட்ஓஎஸ் 7 வரை பார்த்திருக்கலாம். சில மாட்யூல்கள் வேறு லொக்கேலில் எழுத்துகளை ஒப்பிட்டால் குழம்பும் என்பது காரணம். காரணம் நியாயமானதுதான். ஆனா அதன் செலவைக் கட்டினது யார்? ஜாங்கோவின் கையேடே, அப்பாச்சியில் ஏற்றுபவர்கள் இந்த மாறியை யூடிஎஃப்-8-க்கு மாற்றணும், இல்லேன்னா ஆஸ்கி அல்லாத ஃபைல் பேர் வந்தால் விழும் என்று எச்சரிக்கிறது. மாற்ற வேண்டியது ஒரே ஒரு வரி. மாற்றினப்புறம் ரீலோடு போதாது, அப்பாச்சியை முழுசா நிறுத்திக் கிளப்பணும். மாட்-டபிள்யூஎஸ்ஜிஐ-யின் டீமன் முறையில் மொழி, லொக்கேல் ரெண்டையும் அங்கேயே கொடுக்கவும் வழி உண்டு.

"இங்கிலீஷில் வைங்க" என்பது சின்ன விஷயம் மாதிரி தோணும். திருச்சுழியை ஆங்கிலத்தில் 'எல்' போட்டு எழுதுவோரும் உண்டு, 'இசட் எச்' போடுவோரும் உண்டு, தொடக்கத்தில் 'எச்' சேர்ப்போர் சேர்க்காதோர் தனி. பட்டியலில் தேடினால் ஒரே ஊர் நாலு ஊராகும். வெள்ளத்தைச் சிவன் சுழித்து அடக்கினதால் வந்த பேர் என்று தலபுராணம் சொல்கிற ஊரில், 'எல்' போட்டவுடன் சுழியே போயிடுது. எத்தனை பேர் 500-க்குப் பயந்து தங்கள் ஊர் பேரை ஆங்கிலத்தில் அடித்துவிட்டுப் போனாங்களோ!

இன்னொரு கிளைக்கதை மூத்த பதிவர்களுக்காக. 2004 வாக்கில் (நான் அப்போ ஒண்ணாங்கிளாஸ்) பிரவுசரில் என்கோடிங் மாறிப்போய், மேலே கோடு போட்ட சின்ன 'ஏ'யும் வட்டத்துக்குள் 'ஆர்'-உமாகத் தமிழ் தெரியுமே, ஞாபகம் இருக்கா? 224-உம் 174-உம்தான் அவை. 2010-இல் டபிள்யூஎஸ்ஜிஐ-யைப் பைத்தான் 3-க்குத் திருத்தியபோது, தமிழ் முகவரிகள் செயலிக்கு அதே வேஷத்தில் வரும்படி வைத்தாங்க. லத்தீன்-1 என்று பேர். பார்க்கக் குப்பை, ஆனா ஒரு பைட்கூடத் தொலையாது. திருப்பி பைட்டாக்கி யூடிஎஃப்-8 ஆகப் படித்தால் திருச்சுழி திரும்ப வந்துடும். ஜாங்கோ இதைத் தானே செய்துகொள்ளும். நேரடியா எழுதுகிறவர்கள் கையால் செய்யணும்.

2018 ஜூனில் வந்த பைத்தான் 3.7, 'சி' லொக்கேலைக் கண்டால் அதை நம்பாமல் யூடிஎஃப்-8-க்குப் போகக் கற்றுக்கொண்டது. நிக் காக்லன் ஒரு பக்கம், விக்டர் ஸ்டின்னர் ஒரு பக்கம் எழுதிய ரெண்டு முன்மொழிவுகள் அதுக்குக் காரணம். லொக்கேல் எதுவானாலும் யூடிஎஃப்-8 தான் இயல்பு என்பதை 3.15 பதிப்புக்கு என்று 2022-இல் ஏற்றிருக்காங்க. பைத்தான் யூனிகோடைச் சேர்த்து 22 வருஷம் கழித்து! மாமா இப்போ "கலுங்கு மறுகால் போகுது" என்றே ஃபைலுக்குப் பேர் வைத்து அனுப்புகிறார்.

டிஸ்கி: 502-ம் 504-ம் வேறு வம்சம். என்ஜின்எக்ஸ் முன்னால் நின்று கூனிகார்ன் பின்னால் ஓடும்போது, பின்னால் ஆளே இல்லேன்னா 502, ஆள் இருந்தும் நேரத்துக்குப் பதில் வரலேன்னா 504. ஒரு கோரிக்கைக்கு 30 விநாடி தாண்டினால் கூனிகார்ன் தன் ஆளையே கொன்னுடும் என்பதால் அதுவும் 502 ஆகத்தான் தெரியும். விவரமா இன்னொரு பதிவில், ஆணி குறைஞ்சா.