பழைய அவுட்போர்டு இன்ஜின் வாங்கப் போறீங்களா? பணம் கொடுக்கும் முன் இதையெல்லாம் செக் பண்ணுங்க!

புது அவுட்போர்டு இன்ஜின் விலை கட்டுப்படியாகாததால், ஃபைபர் படகு வைத்திருக்கும் மீனவர்கள் பலரும் செகண்ட் ஹேண்ட் இன்ஜினைத் தேடுகிறார்கள். ஆனால், மேலே புது பெயின்ட் அடித்துவிட்டால் உள்ளே இருக்கும் பழுது தெரியாது. கரையில் நின்றுபோனால் செலவோடு முடிந்துவிடும். பாக் நீரிணையில் நடுக்கடலில் நின்றுபோனால், காற்றும் நீரோட்டமும் படகைச் சர்வதேச கடல் எல்லைக்கு அப்பால் தள்ளிவிடலாம். எனவே, வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை இதோ:

1. தொட்டுப் பாருங்க

நீங்க போகும்போது இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், ஸ்டார்ட்டிங் பிரச்னையை மறைக்கிறார்களோ என்று சந்தேகப்படலாம்.

2. மூடியைக் கழற்றுங்க

வெள்ளையாக உப்பு படிந்திருக்கிறதா, துரு இருக்கிறதா என்று பாருங்க. சிலிண்டர் பக்கம் பெயின்ட் கருகி உரிந்திருந்தால், இன்ஜின் ஒருமுறையாவது அதிகமாகச் சூடாகியிருக்கலாம். படகில் மாட்டும் பிராக்கெட்டில் விரிசல் இருக்கிறதா என்பதையும் பாருங்க.

3. கம்ப்ரஷன் டெஸ்ட்

மெக்கானிக்கை அழைத்துப் போய், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்க. சிலிண்டர்களுக்கு இடையே வித்தியாசம் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பெரிய செலவு காத்திருக்கு!

4. கியர் ஆயில் நிறம்

அடியில் உள்ள ஸ்க்ரூவைத் தளர்த்திக் கொஞ்சம் ஆயில் எடுத்துப் பாருங்க. பால் கலந்த டீ மாதிரி இருந்தால் சீல் போய் தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். இரும்புத் துண்டு வந்தால் கியரே தேய்ந்து உடைகிறது.

5. புரொப்பல்லர்

இன்ஜினை ஆஃப் செய்து, நியூட்ரலில் வைத்துக் கையால் சுற்றுங்க. ஷாஃப்ட் ஆடினால் வளைந்திருக்கலாம். புரொப்பல்லரைக் கழற்றி, பின்னால் நரம்பு, வலை நூல் சிக்கியிருக்கிறதா பாருங்க. அதுதான் சீலை அறுத்துவிடும்.

6. தண்ணீர் பீய்ச்சுதா?

தண்ணீர் இல்லாமல் ஸ்டார்ட் பண்ணவே கூடாது. பம்ப்பில் உள்ள ரப்பர் இம்பெல்லர் சீக்கிரமே கருகிவிடும். டிரம் தண்ணீரில் இறக்கி ஓட்டினால், பின்பக்கத் துளையிலிருந்து தண்ணீர் விடாமல் பீய்ச்ச வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் இம்பெல்லர் தேய்ந்திருக்கலாம், இல்லையென்றால் உப்பு அடைத்திருக்கலாம்.

7. கடலில் ஓட்டுங்க

டிரம்மில் நன்றாக ஓடும் இன்ஜின், பாரம் ஏற்றினால் திணறலாம். படகில் மாட்டி ஃபுல் த்ராட்டிலில் ஓட்டுங்க. முன், பின் கியர் இரண்டும் வழுக்காமல் விழ வேண்டும். அவசரத்தில் நிறுத்தும் கயிற்றை இழுத்தால் இன்ஜின் உடனே நிற்க வேண்டும்.

பேப்பர் முக்கியம்

இன்ஜினில் உள்ள சீரியல் நம்பரும் பில்லில் உள்ள நம்பரும் ஒன்றா என்று பாருங்க. நம்பர் சுரண்டப்பட்டிருந்தால் வாங்காதீங்க. அரசு மானியத்தில் வாங்கிய இன்ஜின் என்றால், அதை விற்கலாமா என்று மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

'ஓட்டிப் பார்க்கவெல்லாம் வேண்டாம், நம்பி வாங்குங்க' என்று சொன்னால், அந்த இன்ஜினை அங்கேயே விட்டுவிட்டு வருவதே லாபம்.