அச்சு வந்து சேரலை! கனடா காசுல ஒரு புள்ளி, ஒரு இலை

காசு சேர்க்கிறவங்கள்ல ஒரு தனி ரகம் உண்டு. மத்தவங்க பழைய காசு தேடினா, இவங்க 'வித்தியாசமான' காசு தேடுவாங்க. கையில எப்பவும் ஒரு பூதக்கண்ணாடி இருக்கும். ஒரே வருஷத்துக் காசு ரெண்டை பக்கத்துல பக்கத்துல வச்சுக்கிட்டு, "இதுல 5-ஓட நுனி கூரா இருக்கு, அதுல மழுங்கி இருக்கு பாரு"ன்னு மணிக்கணக்கா பேசுவாங்க. விளையாட்டுக்குச் சொல்லலை. கனடாவோட 1965-ம் வருஷத்து ஒரு சென்ட்டை 5 கூரா மழுங்கலா, விளிம்புல இருக்கிற மணிகள் பெருசா சின்னதான்னு பார்த்து நாலு வகையா பிரிச்சு வச்சிருக்காங்க!

இதெல்லாம் வேலையத்த வேலைன்னு நினைக்கிறவங்களுக்குத்தான் இந்தப் பதிவு. சில சமயம் அந்தப் பூதக்கண்ணாடிக்குள்ள ஒரு சாம்ராஜ்யமே சரியிறது தெரியும்.

முதல்ல கொஞ்சம் அடிப்படை. ரெண்டு எஃகு அச்சுக்கு நடுவுல ஒரு வெறும் உலோக வில்லையை வச்சு ஓங்கி அழுத்தினா அதுதான் நாணயம். அழுத்துற நேரத்துல வில்லை நகர்ந்துட்டா பாதித் தலை மட்டும் விழும். வேற காசோட வில்லை தப்பி உள்ள வந்து மாட்டும். ரெண்டு தடவை அடி விழும். இதெல்லாம் அடிப்புப் பிழை, அந்த ஒரு காசோட தலையெழுத்து. ஆனா வேறுபாடு அச்சுலயே இருந்தா, அதுல அடிச்ச அத்தனை காசுலயும் அது வரும். இதுதான் அச்சு வேறுபாடு. நம்ம பாஷையில சொன்னா முதலாவது ரன்டைம் எரர், ரெண்டாவது சோர்ஸ் கோடுலயே இருக்கிற சமாச்சாரம்.

இன்னொரு விஷயமும் முக்கியம். அச்சுல பள்ளமா இருக்கிறது காசுல மேடா வரும். அதனால காசு மேல ஒரு குறி பள்ளமா இருந்தா, அனேகமா அது பின்னாடி எங்கயோ பட்ட அடி. மேடா இருந்தாத்தான் உட்கார்ந்து யோசிக்கணும்.

சரி, கதைக்கு வருவோம். கனடாவோட ரெண்டு பிரபலமான அச்சு வேறுபாடுகள் உண்மையில பிழையே கிடையாது. தெரிஞ்சே போட்ட குறிகள். ரெண்டுக்கும் காரணமும் ஒண்ணுதான்: லண்டன்ல இருந்து அச்சு வந்து சேரலை!

ஒட்டாவா நாணயச்சாலை 1908-ல லண்டன் ராயல் மின்ட்டோட கிளையாத்தான் ஆரம்பிச்சது. 1931-ல கனடாவோட சொந்த நிறுவனமா ஆயிடுச்சு. ஆனா ராஜா தலை போட்ட மூல அச்சு மட்டும் அதுக்கப்புறமும் லண்டன்ல இருந்துதான் வரணும். பேரு மாறினாலும் சாவி மாமியார் இடுப்புல இருந்த கதைதான்.

1936 ஜனவரியில ஐந்தாம் ஜார்ஜ் இறந்துபோனார். அடுத்து வந்த எட்டாம் எட்வர்ட், காதலியா கிரீடமான்னு வந்தப்போ, டிசம்பர்ல கிரீடத்தைக் கழட்டி வச்சுட்டுப் போயிட்டார். அவருக்காக லண்டன்ல செஞ்சுட்டிருந்த வேலையெல்லாம் வீண். ஆறாம் ஜார்ஜுக்கு எல்லாத்தையும் மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். 1937 பொறந்தாச்சு. கனடாவுல சில்லறை கேக்கிறாங்க, கையில அச்சு இல்லை. ஒட்டாவா என்ன பண்ணுச்சுன்னா, செத்துப்போன ராஜா தலையோட, 1936-ன்னே வருஷம் போட்ட பழைய அச்சை எடுத்து, வருஷத்துக்குக் கீழ பொடிசா ஒரு புள்ளி வச்சு அடிச்சது. 'இது நிஜமா 1936-ல அடிச்சது இல்லை'ங்கிறதுதான் அந்தப் புள்ளிக்கு அர்த்தம். இது பக் இல்லீங்க, பேட்ச்!

1, 10, 25 சென்ட் மூணுலயும் புள்ளி வச்சாங்க. புள்ளி வச்ச ஒரு சென்ட் 6,78,000-க்கு மேல அடிச்சதா நாணயச்சாலை கணக்கு சொல்லுது. ஆனா இன்னிக்கு உலகத்துக்கே தெரிஞ்சது வெறும் 3 காசுதான். 10 சென்ட்டையும் விரல் விட்டு எண்ணிடலாம். 25 சென்ட் மட்டும்தான் ஜனங்க கையில நிஜமா புழங்கியிருக்கு. அந்த 3 காசுல ஒண்ணு 2010-ல ஏலத்துல 4,02,500 அமெரிக்க டாலருக்குப் போச்சு. ஒரு சென்ட்டுக்கு! சாதா 1936 காசுல புள்ளியை ஒட்டி ஏமாத்துறவங்க ஏன் இருக்காங்கன்னு புரியுதா?

ரெண்டாவது கதை நம்ம கதை. 1947 வரைக்கும் கனடா காசுல ராஜா தலையைச் சுத்தி லத்தீன்ல ஒரு வரி இருக்கும். அதோட கடைசித் துண்டு 'இண்ட்: இம்ப்:'. அர்த்தம், 'இந்தியாவின் பேரரசர்'. எங்கயோ பனி பெய்யிற ஊர்ல பால் வாங்கக் குடுக்கிற சில்லறையில நம்ம நாட்டை ஹார்ட்கோடு பண்ணி வச்சிருந்தாங்க.

1947 ஆகஸ்ட் 15-க்கு அப்புறம் அந்த வரி செல்லாது. அதை எடுத்துட்டு புது அச்சு செய்யணும். மறுபடியும் லண்டன், மறுபடியும் தாமதம். 1948 வந்தும் அச்சு வரலை. ஒட்டாவா தன்னோட பழைய வைத்தியத்தையே எடுத்துச்சு. 1947 அச்சுலயே வருஷத்துக்குப் பக்கத்துல குட்டியா ஒரு மேப்பிள் இலையைப் போட்டு, ஒரு சென்ட்டுல இருந்து ஒரு டாலர் வரைக்கும் எல்லாத்தையும் 1948-ல அடிச்சது.

புது அச்சு ஒருவழியா வந்தப்போ வருஷத்துல ரொம்ப நாள் ஓடிப்போச்சு. அதனால 1948-ன்னு வருஷம் போட்ட வெள்ளி டாலர் மொத்தமே 18,780தான். இன்னிக்கு அதோட விலையைக் கேட்டா மயக்கம் வரும். நமக்கு விடுதலை கிடைச்சதால ஒட்டாவாவுல ஒரு வெள்ளிக்காசு அரிதாப் போச்சு!

இதுல ஒரு வேடிக்கை பாருங்க. பேரரசர் பட்டத்தை ராஜா முறைப்படி விட்டுக் குடுத்தது 1948 ஜூன் 22-ல. கனடாவோட 1948 காசுல அந்த வரி இல்லை. ஆனா பிரிட்டனோட சொந்தக் காசுல 1948-லயும் 'இந்தியாவின் பேரரசர்' ஜம்முனு உட்கார்ந்திருக்கார். 1949 காசுலதான் காணாமப் போறார். அட, அவங்களை விடுங்க. நம்ம ஊர்லயே 1950 ஆகஸ்ட் 15-ல புது நாணய வரிசை வர்ற வரைக்கும் ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட காசைத்தானே எண்ணிக்கிட்டிருந்தோம்?

இந்த நேரத்துல ஒரு எச்சரிக்கை. 1947-ம் வருஷத்து 5 சென்ட் சிலதுல வருஷத்துக்குப் பக்கத்துல ஒரு புள்ளி இருக்கு. இதுவும் 1936 மாதிரி ரகசியக் குறியோன்னு தோணும். ஆனா அது தேய்ஞ்சுபோன அச்சுல விழுந்த சிதைவுன்னுதான் பரவலான கருத்து. அதுவும் மேடாத்தான் இருக்கு, அதுக்கும் கூடுதல் விலை இருக்கு. ஆனா அதுக்குப் பின்னாடி எந்த ராஜாவும் இல்லை, எந்த முடிவும் இல்லை. ஒரே மாதிரி ரெண்டு புள்ளி, ஒண்ணு சாட்சி, இன்னொண்ணு மரு. பூதக்கண்ணாடி புள்ளியைக் காட்டும். அது எதுக்கு வந்ததுன்னு சரித்திரம்தான் சொல்லணும்.

அச்சு வந்து சேராத கதை அதோட முடியலை. 1986 நவம்பர்ல புது ஒரு டாலர் காசுக்கான அச்சு ஒட்டாவாவுல இருந்து வின்னிபெக் போற வழியில தொலைஞ்சே போச்சு. 43.50 டாலர் மிச்சம் பிடிக்கலாம்னு சாதாரண கூரியர்ல அனுப்பினாங்களாம்! கள்ளக்காசு பயத்துல படகுப் படத்தையே கைவிட்டுட்டு, லூன் பறவையைப் போட்டு 1987-ல வெளியிட்டாங்க. இன்னிக்கு கனடாவுல ஒரு டாலருக்குப் பேரே 'லூனி'. இந்தத் தடவை பழி போட லண்டன் கூட இல்லை :-)

புள்ளி வச்ச ஒரு சென்ட் நம்ம யாருக்கும் கிடைக்கப் போறதில்லை. ஆனா இலை போட்ட 1947 ஒரு சென்ட் 4 கோடிக்கு மேல அடிச்சிருக்காங்க. காசுக் கடையில மலிவாவே கிடைக்கும். அரிதா இருந்தாத்தான் விலை. சரித்திரத்துக்கு அந்தக் கணக்கு கிடையாது. அடுத்த தடவை டொராண்டோ சொந்தக்காரங்க ஊருக்கு வரும்போது சாக்லேட்டோட அந்த இலை போட்ட காசு ஒண்ணும் கேட்டு வைங்க. நம்ம நாட்டு மேல சொந்தம் கொண்டாடின வரி கடைசியா அடிபட்ட கனடா காசு அதுதான்.